பதினேழாவது நூல்

என் மனைவிக்கு அது மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று பிறந்து அழவே இல்லை. இன்னொன்று அரை நாள் இருந்தது. மூன்றாவது உண்டாகியிருக்கிறது என்று அவள் சொன்ன அன்றைக்கு நான் சந்தோஷப்படவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என்னென்ன தப்பு நடக்கலாம் என்று அங்கேயே நின்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

நான் அப்படிப்பட்ட ஆள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மறுபடி போய் மறுபடி வருவேன். பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு வரிசையில் இருந்தவர்கள், "ரெண்டாம் தரம் திரும்பிட்டாரு, மணி எட்டேகால்" என்று என் காதுபடவே சொல்வார்கள்.

கன்டோன்மென்ட்டில் ஒரு பட்டாளத்துத் தையல்கடையில் எனக்கு வேலை. துணி வேலை இல்லை, கயிற்று வேலை. ஆபீசர்களின் தோளில் தொங்கும் பின்னல், விசில் கயிறு, வாள் பிடியில் கட்டும் குஞ்சம். அப்பா போனதும் நாலாங்கிளாஸோடு படிப்பு நின்றது. அதற்கப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் முடிச்சுதான். எழுத்துக் கூட்டித்தான் இன்றைக்கும் படிக்கிறேன். இதை எழுதவே எத்தனையோ நாளாயிற்று. வெள்ளைக்காரன் போன பிறகு வாள் குஞ்சம் கேட்டு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். வாரத்தில் மூன்று நாள் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம்.

அப்படி ஒரு நாள் ஒரு வாத்தியார் பிஸ்கட் டின் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். ஹைஸ்கூலில் சரித்திரம் நடத்துகிறவர், கோலார் பக்கத்துத் தமிழர். அல்சூர் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு வாசகசாலை இருந்தது. அதன் கூடத்தில் ஒரு கண்காட்சி வைக்கப்போகிறேன் என்றார். வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்குவதற்கு முன்னால் யார் யாரிடம் என்னென்ன இருந்தது என்று காட்டுவதற்காம். ஒரு சுவர் முழுக்க நாம். எதிர்ச்சுவர் முழுக்கக் கடலுக்கு அப்பாலுள்ளவர்கள். இந்தப் பக்கம் பெங்களூரைச் சுற்றியுள்ள ஏரிகள் ஒன்று நிரம்பி இன்னொன்றில் விழுகிற படம். அதற்கு நேர் எதிரே, மெக்சிகோவில் ஏரித் தண்ணீருக்கு நடுவில் பாத்தி கட்டிக் காய்கறி போட்டவர்களின் படம். இங்கே நம் பூஜ்யம், அங்கே அவர்களுடைய பூஜ்யம். இங்கே செப்புச் சிலை, அங்கே ஆப்பிரிக்காவில் வார்த்த வெண்கலத் தலை.

"போட்டி மாதிரிதான் ஆரம்பிச்சேன்பா" என்றார். "நாமதான் முந்தின்னு நிரூபிக்கலாம்னு. இப்ப யாரு முந்தின்னு எனக்கே தெரியல."

டின்னைத் திறந்தார். உள்ளே ஒரு முழ நீளத்துக்கு ஒரு தடித்த கயிறு. அதிலிருந்து தோரணம் போல நாற்பத்திரண்டு நூல்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் முடிச்சு முடிச்சாக. பழுப்பேறிக் கிடந்தது. பெரு என்கிற தேசத்தில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு வந்த ஒரு வெள்ளைக்காரப் பாதிரிச் சாமியார் இரவல் கொடுத்ததாம். திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் அச்சாக இதே போல ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார்.

அந்த தேசத்தாருக்கு எழுத்தே கிடையாது என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. எழுத்து இல்லை, இரும்பு இல்லை, வண்டிச் சக்கரம் இல்லை. ஆனால் மலைமேல் கல் பாவிய ரோடு இங்கிருந்து டில்லி போகிற தூரத்துக்கு மேலே போட்டிருக்கிறார்கள். கத்தி நுனி நுழையாதபடி கல்லோடு கல் பொருத்திச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அத்தனை பெரிய ராஜ்யத்தையும் இந்த முடிச்சுக் கயிறுகளை வைத்துக்கொண்டே ஆண்டிருக்கிறார்கள்.  பஸ் போர்டைப் படிக்கப் பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்கிறவன் நான். ஒரு தேசம் முழுக்க என்னைப் போலவே கையால் மட்டும் தெரிந்துகொண்டு வாழ்ந்திருக்கிறது.

அவர் விளக்கினார். மேலே இருக்கிற முடிச்சு நூறு, நடுவில் பத்து, அடியில் ஒன்று. அடிமுடிச்சில் நூலை எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கிறதோ அதுதான் எண்.

"எதோட எண்ணு சார்?"

"ஆளோ, ஆடோ, சோளமோ. எண்ணினாங்கன்னு தெரியும். எதைன்னு தெரியாது. தெரிஞ்சவங்க ஒருத்தரும் மிஞ்சல."

ஒவ்வொரு நூலிலும் எத்தனை சுற்று என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வா என்றும் சொன்னார். எழுதுவது எனக்குச் சிரமம். நான் செய்கிற நகலே குறிப்புதானே சார், அதைப் பார்த்து நீங்கள் எழுதிக்கொள்ளலாமே என்றேன். அதுவும் சரிதான், கண்காட்சி முடிந்ததும் நிதானமாக எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

டின்னை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பருத்தி நூலைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து நிறம் ஏற்றினேன். காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு நூலாகச் செய்தேன். முதல் மூன்று நாள் பார்த்துப் பார்த்துப் போட்டேன். நாலாம் நாள் ஒன்று நடந்தது. பக்கத்து வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே முடிச்சுப் போட்டுவிட்டேன். அப்புறம்தான் அசலைப் பார்க்காமலே போட்டது உறைத்தது. அசலோடு வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது, ஏழு சுற்று. அடுத்ததையும் வேண்டுமென்றே பார்க்காமல் போட்டேன். அதுவும் சரி. மூன்றாவதைப் போடப் பயந்து எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

இன்னொரு நாள் ஒரு நூலின் முறுக்கைப் பிரித்துப் பார்க்கும்போது, இழைகளோடு சேர்த்து ஒரு தலைமுடியையும் முறுக்கியிருந்தது தெரிந்தது. நீளமான முடி, கருப்பு. பஞ்சுகூடப் பழுத்திருந்தது, முடி பழுக்கவில்லை.

இதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைப்பேறு பார்க்க அத்தை ஊரிலிருந்து வந்து இறங்கினாள். மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பெரிய குரல், என்னிடம் இல்லாத தைரியம். வந்த அன்றே ஜன்னலோரம் தொங்கியதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன மாப்ளே இது, பேய்க்குச் சவுரி பின்றீங்களா?"

எந்த தேசம், எந்த ஜனம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வாத்தியாரிடம் கேட்டதையெல்லாம் ஒப்பித்தேன். நாம் சாப்பிடுகிற மிளகாயும் உருளைக்கிழங்கும் அந்தப் பக்கத்து ஜனங்கள் பயிர் பண்ணிக் கொடுத்தவைதான். பெங்களூர்க் கத்தரிக்காய் என்று பேர் வைத்துக் கூட்டுப் பண்ணுகிறோமே, அதுகூட மெக்சிகோக்காரர்களுடையது. அத்தைக்கு அதுதான் ஆச்சரியம். அப்போது நம் முப்பாட்டன்கள் எதைப் போட்டுக் குழம்பு வைத்தார்கள் என்று கேட்டாள். மிளகு என்றேன். 

"அந்த ஊர்க்காரங்க இப்ப என்ன பண்றாங்க?"

வெள்ளைக்காரன் அங்கே போய் இறங்கின பிறகு முக்கால்வாசிப் பேர் செத்துப்போனார்கள், கத்தியால் கொஞ்சம், அம்மையால் நிறைய என்று வாத்தியார் சொன்னதைச் சொன்னேன். அத்தை அம்மியில் வைத்திருந்த மிளகாயைப் பார்த்தாள். பிறகு அரைத்தாள். ஆனால் அன்றைக்கு அவள் குழம்பு ஊற்றிக்கொள்ளவில்லை, மோர் சாதம்தான் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் என்னை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர்கள் பக்கத்தில் பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் முடிச்சுப் போடக்கூடாது. போட்டால் பிள்ளை வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும். வலி எடுத்ததும் வீட்டிலிருக்கிற பூட்டு, பெட்டி, கட்டு, பின்னல் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். முடிச்சை அவிழ்க்கத்தான் வேண்டும், வெட்டக்கூடாது. வெட்டினால் இன்னும் ஆபத்து. என் தொழில் முடிச்சுக்கு தோஷம் இல்லையாம், அது வயிற்றுப்பாடு. ஆனால் இது யாரோ செத்தவன் போட்டு வைத்தது.

"ரெண்டு போச்சு மாப்ளே" என்றாள். 

அப்போது நான் முப்பத்தாறு நூல் முடித்திருந்தேன். இதோடு நிறுத்திவிட்டேன் என்று அத்தையிடம் சத்தியம் போலச் சொல்லிவிட்டு, டின்னை வாசகசாலைக்கு எடுத்துப்போய் மீதி ஆறையும் அங்கே உட்கார்ந்து முடித்தேன்.  வேலையைப் பாதியில் விட்டால் அதிலும் ஏதாவது தோஷம் வருமோ என்று ஒரு பக்கம் பயம். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். என் கைக்கு அது பிடித்திருந்தது.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினேன். கீழே ஒரு மேஜையில் வாத்தியார் ஒரு பெரிய மண்தாழியை வைத்தார். ஊருக்கு வெளியே கட்டடத்துக்குத் தோண்டும்போது கிடைத்ததாம். விளிம்பு உடைந்திருந்தது. இதை ஏன் சார் இங்கே வைக்கிறீர்கள், நம்முடையது அந்தச் சுவரல்லவா என்று கேட்டேன். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என்றார். இங்கே செத்தவரை முழங்காலை மடக்கி உட்காரவைத்துத் தாழிக்குள் இறக்கியிருக்கிறார்கள். அங்கேயும் அதே போல முழங்காலை மடக்கித் துணியால் சுற்றி உட்காரவைத்திருக்கிறார்கள். இவர்களும் அவர்களும் பார்த்துக்கொண்டதே இல்லை.

"அந்தக் கயிறே அப்படி ஒருத்தர் மடியில இருந்துதான் எடுத்தது" என்றார்.

நான் அந்தக் கயிற்றை வீட்டில் மூன்று வாரம் வைத்திருந்தேன். என் மனைவி அதன் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

வெளியே வந்து குழாயடியில் முழங்கை வரை கழுவினேன். கூடத்துச் சாவி ஒன்று என்னிடம் இருந்தது. வாத்தியார் கிளம்பின பிறகு பூட்டிவிட்டு வழக்கம் போல இரண்டு தரம் திரும்பி வந்து பார்த்தேன். இரண்டாம் தரம் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது, அசல் கயிறு மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. முறுக்கின நூல் ஈரக்காற்று பட்டால் திரும்பும், அது என் தொழில், எனக்குத் தெரியும். ஆனால் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. என் நூல் ஆடவில்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் விடியும்போது மனைவிக்கு வலி எடுத்தது. நர்ஸம்மாவைக் கூட்டிவந்தேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்தவர், சர்ச்சுக்குப் போகிற தமிழம்மா, கையில் கடிகாரம் கட்டியிருப்பார். அத்தை பெட்டியைத் திறந்தாள், அலமாரியைத் திறந்தாள், மகளின் பின்னலை அவிழ்த்தாள், அரிசி மூட்டையின் கட்டைப் பிரித்தாள். நர்ஸம்மா சிரித்துக்கொண்டே, என் ஷூ லேஸையும் அவுக்கணுமாம்மா என்று கேட்டார். அத்தை சிரிக்கவில்லை, அவுத்துடும்மா என்றாள். அவரும் அவிழ்த்துவிட்டார்.

பத்து மணியாயிற்று, பதினொன்றாயிற்று. உள்ளேயிருந்து வந்த சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. முதல் பிரசவத்திலும் அப்படித்தான் குறைந்தது. நர்ஸம்மா வெளியே வந்து, இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம், அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஜட்கா வண்டி பேசிக்கொள்ளுங்கள் என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் உள்ளே போனதும் அத்தை என் முன்னால் வந்து நின்றாள்.

"மாப்ளே, வேற எங்கியாவது முடிச்சு இருக்கா?"

இல்லை என்றேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. நான் பக்கத்து வீட்டுக்காரரிடம், ஒரு மணி நேரத்தில் நான் வராவிட்டால் ஜட்கா பிடித்துக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

வானம் மூடியிருந்தது. கூடத்தைத் திறந்தபோது சுவரிலிருந்த படங்கள் எல்லாம் நிழலாகத் தெரிந்தன. என் நகலை இறக்கி மேஜையில் தாழிக்குப் பக்கத்தில் போட்டு, குத்தூசியால் நெம்பி ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். எங்கள் தொழிலில் முடிச்சை அவிழ்ப்பது கிடையாது. தப்பாகப் போனால் வெட்டி எறிந்துவிடுவோம். ஆகவே போடத் தெரிந்த கைக்கு அவிழ்க்கத் தெரியவில்லை. நகம் பிய்ந்தது. எத்தனை நேரம் என்று தெரியாது. கடைசி நூலும் முடிந்தபோது, வெறும் நூல்கள் முடிச்சிருந்த இடத்திலெல்லாம் சுருண்டு சுருண்டு கிடந்தன.

எனக்கு நிம்மதி வரவில்லை. என் முடிச்சை நான் அவிழ்த்தாயிற்று. அவர்கள் முடிச்சு? என் பார்வை தன்னால் சுவருக்குப் போனது. மடக்கி உட்கார்ந்த ஒருவர் மடியில் எத்தனையோ நூறு வருஷம் அவிழாமல் இருந்தது, மூன்று வாரம் என் மனைவியின் தலைமாட்டில் இருந்தது.

ஒன்று, ஒரே ஒன்று என்று சொல்லிக்கொண்டேன். இடது பக்கத்திலிருந்து எண்ணினால் பதினேழாவது நூல், அடிமுடிச்சு. ஏன் அது என்றால், கை அங்கேதான் போனது. குத்தூசி தேவைப்படவில்லை. தொட்டதும் இளகியது. தூசி உதிர்ந்தது. முடிச்சுக்குள்ளே மறைந்திருந்த நூல் சிவப்பாக இருந்தது. நேற்றுச் சாயத்தில் முக்கி எடுத்தது போல அப்படி ஒரு சிவப்பு. போட்டவன் கைக்கும் என் கைக்கும் நடுவில் வேறு யார் கண்ணும் அதைப் பார்த்ததில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நான் பதறிப்போய் அந்த முடிச்சை மறுபடி போட்டேன். பார்க்கவில்லை, எண்ணவில்லை, கை போட்டது. இழுத்து இறுக்கிவிட்டு நகர்ந்து நின்றேன்.

வாத்தியார் படங்களுக்குக் கீழே ஒட்ட எழுதிய துண்டுச் சீட்டுகளோடு உள்ளே வந்தார். மேஜையில் கிடந்த வெறும் நூலைக் கையில் எடுத்துப் பார்த்தார். நான் என் மனைவி, இரண்டு பிள்ளைகள், அத்தை சொன்னது எல்லாவற்றையும் கொட்டினேன். பதினேழாவது நூலை மட்டும் சொல்லவில்லை. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த ஊர்ல எறங்கின சாமியாருங்களும் இதைப் பாத்துப் பயந்தாங்க. சைத்தான் வேலைன்னு அள்ளி அள்ளிக் கொளுத்தினாங்க" என்றார். பிறகு, "நீ வீட்டுக்குப் போப்பா, இங்க என்ன நிக்கிற" என்றார்.

வீட்டுக்குள் நுழையும்போது அழுகைச் சத்தம் கேட்டது. பெண் குழந்தை. பலமான அழுகை. என் மனைவி என்னைப் பார்த்து, எங்க போனீங்க என்று மட்டும் கேட்டாள். 

நர்ஸம்மா கைகழுவிக்கொண்டே சொன்னார்: "நீங்க தெருமுனைகூடத் தாண்டியிருக்க மாட்டீங்க. பொறந்துடுச்சு." கடிகாரத்தைப் பார்த்து நேரமும் சொன்னார். அத்தை அவர் போகிற வரை காத்திருந்துவிட்டு என்னிடம் வேறு சொன்னாள். நான் போய் ரொம்ப நேரம் ஒன்றும் ஆகவில்லையாம், எல்லாரும் கைவிட்டுவிட்டார்களாம், திடீரென்று ஏதோ இளகினாற்போல வந்ததாம். அந்த அம்மா பேச்சைக் கேட்காதீர்கள், அவர் கடிகாரம் நின்றுபோயிருந்தது என்றாள். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கலாமென்று பலதரம் நினைத்தேன். கேட்கவில்லை.

மறுநாள் கண்காட்சியில் அசல் மட்டும் தொங்கியது. நான் கூட்டத்தோடு ஒருவனாக நின்று பார்த்தேன். பதினேழாவது நூலில் அடிமுடிச்சின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு வெளியே தெரிந்தது. பழைய சுற்று பழைய இடத்தில் விழவில்லை. முன்னால் நின்ற இரண்டு பேர், கோபுரத்தில் நாம் உசத்தியா அவர்கள் உசத்தியா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிவப்புக் கோடு அவர்கள் கண்ணில் படவில்லை. அந்த வாரமே சாமியார் டின்னை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார்.

நகல் இருந்திருந்தால் பார்த்துச் சொல்லலாம். அதை நானே அவிழ்த்துவிட்டேன். தாளில் எழுதியிருந்தால் பார்த்துச் சொல்லலாம். எழுதவில்லை. அது ஐந்து சுற்றாக இருந்து நான் ஆறு போட்டேனா, ஆறாக இருந்து ஐந்து போட்டேனா, இல்லை உள்ளதையேதான் போட்டேனா, தெரியாது. ஆட்டையோ சோளத்தையோ எண்ணியிருந்தால் போகட்டும். ஆளை எண்ணியிருந்தால்? என் பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள். அவள் தெருவில் ஓடுவதைப் பார்க்கும்போது, எங்கோ ஒரு வரிசையில் ஒருத்தரை நான் குறைத்துவிட்டேனோ என்று தோன்றிவிடும். அப்புறம் அன்றைக்கு வேலை ஓடாது.

வாத்தியாரிடம் போன மாதம்தான் சொன்னேன். அவருக்கு வயதாகிவிட்டது.  அந்தக் கயிறு இப்போது எந்த தேசத்தில், யார் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. எழுதி வை, என்றைக்காவது அதைப் படிக்கத் தெரிந்தவன் ஒருவன் வந்து கணக்குச் சரியாக வரவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொள்ளக்கூடாது என்றார். அதற்காகத்தான் எழுதுகிறேன். இடது பக்கத்திலிருந்து பதினேழாவது நூல், அடிமுடிச்சு. அது அவர்கள் போட்டதல்ல. நான் போட்டது.

எத்தனை சுற்று என்று என் கைக்காவது தெரியுமா என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பார்ப்பேன். நேற்று ஐந்து வந்தது. இன்று காலையில் ஆறு.